சியுதாத் பெர்தீதாவுக்கு நண்பர்களோடு நடந்து போவது எப்படி

காட்டுக்குள் நாலு நாள் நடக்கலாமா என்று வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவர் போட்டால் உடனே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். பணம் கட்டும் நாளில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர் இருப்பார்கள். அந்த ஐந்து பேருக்காக எழுதுகிறேன். நாங்களும் ஐந்து பேராகத்தான் போனோம், பேசிக்கொள்ளும் நிலையில்தான் திரும்பினோம், ஆனால் மூன்றாம் நாள் மதியம் அது கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

இடம் கொலம்பியாவின் வடக்குக் கடலோரம். சான்டா மார்த்தா ஊருக்குப் பின்னால் சியர்ரா நெவாடா மலைத்தொடர் நிற்கிறது. கரீபியன் கடலிலிருந்து 42 கி.மீ. உள்ளே போனால் 5,700 மீட்டர் உயரத்தில் பனிச்சிகரம். கடலை ஒட்டி இவ்வளவு உயரமான மலைத்தொடர்கள் உலகில் மிகக் குறைவு. நாம் போவது அந்தச் சிகரத்துக்கு இல்லை, பயப்பட வேண்டாம். மலையின் வடக்குச் சரிவில், புரித்தாகா ஆற்றுக்கு மேலே, ஏறத்தாழ 900 முதல் 1,200 மீட்டர் உயரத்தில் தைரோனா மக்கள் கட்டிய ஒரு பழைய நகரம் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் சியுதாத் பெர்தீதா, அதாவது தொலைந்த நகரம். அந்த மலையில் வாழ்பவர்கள் தெயுனா என்கிறார்கள். சாலை கிடையாது. போக வர 45 கி.மீ. சொச்சம், எல்லாம் நடைதான்.

கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு ஏமாற்றத்தைத் தீர்த்துவிடுவோம். அங்கே கோபுரம் இல்லை, சிலை இல்லை, சுவர் வைத்த கட்டடம் ஒன்றுகூட இல்லை. வீடுகளெல்லாம் மரமும் கூரை ஓலையுமாக இருந்தவை, என்றோ மக்கிப் போய்விட்டன. மிஞ்சியிருப்பது அவை நின்ற கல் மேடைகள்: மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய 169 மேடைகள், அவற்றை இணைக்கும் கல் பாதைகள், படிகள், வாய்க்கால்கள். இதை முன்பே தெரிந்துகொண்டு போனவர் அந்த இடத்தில் இரண்டு மணி நேரம் சுற்றிப் பார்ப்பார். தெரியாமல் போனவர் "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்பார், எங்களில் ஒருவன் கேட்டதைப் போல. அதனால் கூட வருகிறவர்களுக்குப் படம் காட்டும்போது புல்வெளி மேடைகள் அடுக்கடுக்காக இறங்கும் அந்த ஒரே பிரபலமான படத்தை மட்டும் காட்டாதீர்கள், சேறு படிந்த காலின் படத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

சரி, முதல் முடிவு: நாலு நாளா, ஐந்து நாளா?

பாதையும் ஒன்றுதான், கட்டணமும் பெரும்பாலும் ஒன்றுதான். நாலு நாள் திட்டத்தில் முதல் நாள் மதியத்துக்கு மேல் ஏழெட்டு கி.மீ., இரண்டாம் நாள் பதினைந்து கி.மீ. பக்கம், மூன்றாம் நாள் விடியற்காலையில் நகரத்துக்கு ஏறிவிட்டு அன்றே திரும்பிப் பாதி வழி, நாலாம் நாள் மீதி. ஐந்து நாள் என்றால் இந்த நீண்ட நாட்களில் ஒன்று இரண்டாக உடையும். போகும்போது உடைகிறதா, வரும்போதா என்பதை ஏஜென்சியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி. குழுவில் ஓட்டப்பந்தயக்காரர் ஒருவர் இருப்பார், அவர் "நாலே போதும், மூன்றுகூடப் போதும்" என்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள். குழுவிலேயே மெதுவாக நடக்கிறவர் யாரோ அவரைக் கேட்டு நாள் கணக்கு போடுங்கள். அவர் வெட்கப்பட்டு "நானும் நாலில் முடிச்சிடுவேன்" என்றுதான் சொல்வார். அதனால் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்காமல் தனியாகப் போன் போட்டுக் கேட்பது நல்லது. நாங்கள் இதைச் செய்யவில்லை. நாலு நாள் என்று ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தோம், மூன்றாம் நாள் மதியம் முழங்கால் வீங்கிய ஒருவனும் பொறுமை தீர்ந்த நால்வருமாக ஒரு செம்மண் மேட்டில் உட்கார்ந்திருந்தோம்.

தனியாகப் போக முடியாது. அனுமதி பெற்ற சில ஏஜென்சிகள் சான்டா மார்த்தாவில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றின் கைடோடுதான் உள்ளே விடுவார்கள். கட்டணம் ஏஜென்சிக்கு ஏஜென்சி பெரிதாக மாறாது, ஆண்டுக்கு ஆண்டு ஏறும். அதில் ஜீப், சாப்பாடு, படுக்கை, நுழைவுக் கட்டணம், கைடு எல்லாம் அடக்கம். விலை ஒரே மாதிரி இருப்பதால் பேரம் பேசுவதை விட்டுவிட்டுக் கேள்வி கேளுங்கள். கைடு ஸ்பானிய மொழி மட்டும் பேசுபவராக இருந்தால் கூட மொழிபெயர்ப்பாளர் வருவாரா? முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நடத்துவார்களா? கைடு அந்த மலையைச் சேர்ந்தவரா? அந்த மலையில் வாழும் வீவா இனத்தைச் சேர்ந்த கைடு கிடைத்தால் யோசிக்காமல் அவரோடு போங்கள். மலையைப் பற்றி வெளியிலிருந்து வந்து படித்துச் சொல்பவருக்கும் அங்கேயே பிறந்தவருக்கும் பேச்சிலேயே வித்தியாசம் தெரியும். ஐந்து பேர் போனால் தனிக் குழு கிடைக்காது, இன்னும் ஏழெட்டு அந்நியர்களோடு சேர்த்துவிடுவார்கள். அது நல்லதே. அந்நியர் முன்னால் நண்பர்கள் கொஞ்சம் அடக்கமாகச் சண்டை போடுவார்கள்.

எப்போது போவது என்பதில் குழப்பமே இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. அக்டோபர், நவம்பரில் கொட்டும், அப்போது ஆறு ஏறினால் மணிக்கணக்கில் கரையில் உட்கார வேண்டி வரும். செப்டம்பரில் பழங்குடி மக்கள் தங்கள் சடங்குகளுக்காக இடத்தை மூடிவைப்பது வழக்கம், அந்த மாதத்தை மறந்துவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி வீட்டில் கேட்பார்கள், மறைக்க வேண்டாம். 2003 செப்டம்பரில் இந்த இடத்தில் வெளிநாட்டுப் பயணிகள் எட்டுப் பேரை கெரில்லாக்கள் கடத்தினார்கள். ஒருவர் தப்பிவிட்டார், மற்றவர்கள் அந்த ஆண்டு முடிவதற்குள் விடுவிக்கப்பட்டார்கள். நடை 2005-இல் மறுபடி தொடங்கியது. இப்போது மேலே ராணுவ வீரர்கள் காவல் இருக்கிறார்கள், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் போய் வருகிறார்கள். ஆனாலும் மலையைச் சுற்றி ஆயுதக் குழுக்கள் முழுக்க மறைந்துவிடவில்லை. கிளம்புவதற்கு முந்தைய வாரம் ஏஜென்சியிடமும் செய்தியிலும் நிலவரம் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அப்புறம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதைத் தள்ளிப்போடாதீர்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கொலம்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்த மஞ்சள் அட்டை கையில் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு விடாமல் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க முடியும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஐந்து பேரில் ஒருவர் மட்டும் கடைசி வாரம் வரை போடாமல் இருப்பார், யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.

உடம்பைத் தயார் செய்வது. உயரம் ஒரு பிரச்சினையே இல்லை, 1,200 மீட்டரில் யாருக்கும் தலை சுற்றாது. கொல்வது புழுக்கம். நடக்கத் தொடங்கிய பத்தாம் நிமிடத்தில் சட்டை தொப்பலாக நனைந்துவிடும், அது நாலு நாளைக்குக் காயாது. ஜிம்மில் டிரெட்மில்லில் ஓடிய பழக்கம் இங்கே ஒன்றும் கைகொடுக்காது. இரண்டு மாதம் முன்பிருந்தே, முதுகில் ஆறேழு கிலோ பையோடு படிக்கட்டு ஏறி இறங்குங்கள். இறங்குவதுதான் முக்கியம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் வாங்கும், அது நின்றாலும் சரியாகாது. மாடி லிஃப்டில் இறங்கிவிட்டு மறுபடி படியில் ஏறுகிற பயிற்சி பாதிப் பயிற்சி.

பை. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் தவறு செய்வது இங்கேதான்.

உடையில் ஒரே ஒரு சட்டம்: நடக்க ஒரு ஜோடி, தூங்க ஒரு ஜோடி. நடக்கிற ஜோடி எப்போதும் ஈரம், தூங்குகிற ஜோடி எப்போதும் உலர்ந்தது. இரண்டையும் கலக்கவே கூடாது. முகாமுக்கு வந்ததும் குளித்துவிட்டு உலர்ந்ததைப் போட்டுக்கொள்ள வேண்டும், காலையில் மறுபடி அந்த ஈரமான, நாற்றமெடுத்த, சில்லென்று முதுகில் ஒட்டும் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் காலை அது கொடுமையாக இருக்கும், "இன்று மட்டும் உலர்ந்ததைப் போட்டுக்கொள்கிறேனே" என்று மனசு கெஞ்சும். கெஞ்சலுக்கு இடம் கொடுத்தால் அன்று இரவு போடுவதற்கு எதுவும் இருக்காது. வேண்டுமானால் நடக்க இன்னொரு சட்டை உபரியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பருத்திச் சட்டை, ஜீன்ஸ் இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். ஈரத்தைக் குடித்துக் கல்லாகக் கனக்கும்.

உலர்ந்த ஜோடியை ஜிப் பை அல்லது கனமான பாலித்தீன் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். பைக்கு வெளியே போடும் மழை உறையை நம்பாதீர்கள், மழை முதுகு வழியாக உள்ளே இறங்கும். பைக்கு உள்ளே ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வைப்பதுதான் நிச்சயமான வழி. விலையும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

சாக்ஸ் மட்டும் தாராளமாக. நாளுக்கு ஒன்று, கூடவே இரண்டு. ஷூ புதிதாக வாங்கினால் குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்து பழக்குங்கள். ஈரமான சாக்ஸ், புது ஷூ, நீண்ட இறக்கம் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம் வராமல் இருக்காது. குதிகாலில் லேசாக எரியும்போதே நின்று பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், முகாமுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் முகாமில் பார்ப்பதற்கு நிறைய இருக்கும். கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து இடித்துக் கறுத்துவிடும். வாசலின் ஒரு சின்ன டப்பா. எதற்கென்று கேட்காதீர்கள், தொடை இடுக்கில் உரசல் தொடங்கும் இரண்டாம் நாள் மதியம் தானாகத் தெரியும், அப்போது அந்த டப்பா வைத்திருப்பவர்தான் குழுத்தலைவர்.

மற்றவை வேகமாக: நெற்றியில் கட்டும் டார்ச், கொசு மருந்து, ஆற்றில் இறங்க வார் வைத்த செருப்பு, காதடைப்பான், சிறு துண்டு, மெல்லிய மழைக்கோட்டு, பவர்பேங்க், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மருந்தை ஐந்து பேரும் ஐந்து பொட்டலமாகத் தூக்க வேண்டாம், ஒருவர் பொறுப்பில் ஒரே பை: பேதியை நிறுத்தும் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வலி மாத்திரை, பிளாஸ்டர், கிருமிநாசினி, முழங்காலுக்கு ஒரு பட்டி. சில்லறை பெசோ நோட்டுகள் கட்டாயம். வழியில் விற்கும் ஆரஞ்சுச் சாறுக்கும் குளிர்பானத்துக்கும் ஐம்பதாயிரம் பெசோ நோட்டை நீட்டினால் யாரிடமும் மீதி இருக்காது. போன் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள், வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

நடை

காலையில் சான்டா மார்த்தாவிலிருந்து ஜீப். கடலோர நெடுஞ்சாலையில் கிழக்கே போய், மலைப் பக்கம் திரும்பும் மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி மச்சேத்தே பெலாவோ என்ற சின்ன ஊருக்குப் போய்ச் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம். சாப்பாட்டைக் கொஞ்சமாக முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது முடிந்ததும் உச்சி வெயிலில் ஒரு நீண்ட செம்மண் ஏற்றம் காத்திருக்கிறது. மொத்தப் பயணத்திலும் மனம் விட்டுப்போவது இங்கேதான், காரணம் இன்னும் உடம்பு பழகவில்லை, நிழலும் இல்லை. காடு எங்கே என்று தேடுவீர்கள். இந்தச் சரிவுகளில் காட்டை வெட்டி 1970-களில் கஞ்சா பயிரிட்டார்கள், பிறகு கோகோ, காப்பி, மாட்டு மேய்ச்சல் என்று மாறிவிட்டது. உண்மையான அடர்காடு இரண்டாம் நாளில்தான் வரும்.

இந்த ஏற்றத்தில்தான் குழுவின் பழக்கம் உருவாகும், நல்லதோ கெட்டதோ. வேகமானவர்கள் முன்னால் போய் நிழலில் உட்கார்ந்து காத்திருப்பார்கள், மெதுவானவர் வந்து சேர்ந்ததும் "சரி, போகலாமா?" என்று எழுந்துவிடுவார்கள். அவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, அவருக்கு ஓய்வே இல்லை. நாள் முழுக்க இது நடந்தால் மாலையில் அவர் யாரிடமும் பேசமாட்டார். எங்களுக்கு இது இரண்டாம் நாள் சாயங்காலம்தான் உறைத்தது. எளிய ஏற்பாடு: மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்கட்டும். அல்லது, காத்திருந்தவர்கள் கடைசி ஆள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து அவராக எழும் வரை எழக்கூடாது. இன்னொன்று, யாரும் தனியாக நடக்கக்கூடாது, இரண்டிரண்டு பேராக. ஜோடியை ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொண்டால் ஒருவர்மேல் மட்டும் சலிப்பு சேராது.

யாருக்காவது முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை மலையில் பேசக்கூடாது, ஊரிலேயே பேசி முடிக்க வேண்டும். பாதையில் சாமான் சுமக்கும் கோவேறு கழுதைகள் போய்வருகின்றன, பணம் கொடுத்துப் பையை ஏற்றிவிடலாம், ஆளையே ஏற்றி இறக்கியதும் உண்டு. கழுதையில் பையை அனுப்புவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் நண்பருக்கு, அந்தக் கௌரவத்தின் எடை ஏழு கிலோ என்பதை நினைவூட்டுங்கள்.

மழை பெய்தால் செம்மண் சோப்பாகிவிடும். இறக்கத்தில் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குட்டிக் குட்டி அடிகளாக வையுங்கள். ஒரு கம்பு இருந்தால் பாதி வேலை மிச்சம். விழப்போகிறோம் என்று தெரிந்தால் செடியைப் பிடிக்காதீர்கள், அதில் முள் இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம், உட்கார்ந்துவிடுங்கள். விரியன் வகைப் பாம்புகள் உள்ள காடு இது. பாதையை விட்டு விலகாமல், மரத்துண்டைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துக் கால் வைத்தால் போதும்.

ஆற்றைக் கடக்கும் இடங்களில் சிலவற்றில் பாலம் உண்டு, சிலவற்றில் இறங்கித்தான் போக வேண்டும். முழங்கால் அளவுதான் பெரும்பாலும், மழைக்குப் பிறகு இடுப்பு வரை வரலாம். பையின் இடுப்புப் பட்டியையும் மார்புப் பட்டியையும் கழற்றிவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். கயிறு கட்டியிருந்தால் கயிற்றுக்குக் கீழ்ப்பக்கமாக நின்று பிடித்துக்கொண்டு நகருங்கள். கைடு "இரு" என்றால் இருங்கள். ஆற்றுத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், குடிக்காதீர்கள். முகாம்களில் சுத்திகரித்த தண்ணீர் தருகிறார்கள்.

முகாம் என்றால் தகரக் கூரை, சுவர் இல்லை, வரிசையாகக் கட்டில்களும் தூளிகளும், எல்லாவற்றுக்கும் கொசுவலை. தூளியில் நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும், குறுக்குச் சாய்வாகப் படுங்கள், தட்டையாகும். குளியலுக்குப் பச்சைத் தண்ணீர். முதல் முகாமுக்குப் பக்கத்தில் பாறைகளுக்கு நடுவே ஒரு நீச்சல் குளம் இருக்கிறது, அன்றைய ஏற்றத்துக்கு அதுவே மருந்து. சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும்: சோறு, பீன்ஸ், கோழி அல்லது மீன், தட்டிப் பொரித்த வாழைக்காய், காலையில் சோள ரொட்டியும் முட்டையும், வழியெங்கும் தர்ப்பூசணியும் அன்னாசியும், குடிக்க வெல்லத் தண்ணீர். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார்கள், முட்டை சாப்பிடுவீர்களா என்பதையும் சேர்த்துத் தெளிவாகச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு இருட்டிவிடும், எட்டு மணிக்கு ஊரே தூங்கும், ஐந்து மணிக்கு எழுப்புவார்கள். படுப்பதற்கு முன் கால் மடிப்புகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மணல் ஈ கடிக்கும், கொசுவைவிடச் சின்னது, அரிப்பு வாரக்கணக்கில் இருக்கும், அதனால் மாலையில் முழுக்கை, முழுக்கால். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

அந்த மலை யாருடையது

கோகி, வீவா, அர்வாகோ, கன்குவாமோ என்று நாலு இன மக்கள் இந்த மலையில் வாழ்கிறார்கள். தைரோனா மக்களின் வழி வந்தவர்கள். தங்களை மூத்த சகோதரர்கள் என்கிறார்கள், வெளியாட்களான நாமெல்லாம் இளையவர்கள், விவரம் போதாதவர்கள். இரண்டாம் நாள் முத்தன்ஹி என்ற கோகி கிராமத்தை ஒட்டிப் போவீர்கள்: வட்ட வட்டமாக மண் குடிசைகள், ஓலைக் கூரை, வெள்ளைப் பருத்தி உடையில் ஆட்கள். மேலே நகரத்தில் வெறும் கல் வட்டங்களைப் பார்க்கும்போது அவற்றின் மேல் என்ன நின்றிருக்கும் என்று கற்பனை செய்ய இந்தக் குடிசைகள் போதும், நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கத்தான், படமெடுக்க இல்லை. கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள், வேண்டாம் என்று தலையாட்டினால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் இனிப்பு கேட்டுக் கை நீட்டும், கொடுக்காதீர்கள். பல் டாக்டர் பக்கத்தில் இல்லை.

ஆண்கள் கையில் ஒரு சுரைக்குடுவையும் குச்சியும் இருக்கும். பொப்போரோ என்பார்கள். கடல் சிப்பியைச் சுட்டு அரைத்த சுண்ணாம்பு அதற்குள் இருக்கும், வறுத்த கோகா இலையோடு சேர்த்து மெல்லுவார்கள். நம் ஊரில் வெற்றிலையோடு சுண்ணாம்பு தடவுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு இது உடனே புரிந்துவிடும். ஆண்பிள்ளை பெரியவனானதும் கொடுக்கப்படுவது அது, வேடிக்கைப் பொருள் இல்லை, தொட்டுப் பார்க்கக் கேட்காதீர்கள். பெண்கள் கையால் பின்னும் மொச்சிலா பைகள் விற்பனைக்கு இருந்தால் அங்கேயே வாங்குங்கள், பணம் பின்னியவர் கைக்கே போகும். இந்த நாலு இனங்களின் அறிவு மரபை யுனெஸ்கோ 2022-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

1,200 படிகள்

கடைசி முகாமிலிருந்து விடிந்ததும் கிளம்பி, ஆற்றைக் கடந்தால் மறுகரையில் படிகள் தொடங்கும். சுமார் 1,200. பெரிய பையை முகாமிலேயே வைத்துவிட்டுத் தண்ணீரும் மழைக்கோட்டும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு உயரம், பாசி பிடித்தது, நம் பாதத்தில் பாதிதான் உட்காரும். ஏறுவது எளிது. இறங்கும்போது பக்கவாட்டாகத் திரும்பி, ஒரு கை படியைத் தொட, அவசரமே இல்லாமல் இறங்குங்கள். முழங்கால் வீங்கிய நண்பன் என்று சொன்னேனே, அவன் இங்கே இறங்கும்போது சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டே வந்தவன்.

1972-இல் புதையல் தேடி அலைந்தவர்கள் கண்ணில் பட்டது இந்தப் படிகள்தான். ஏறிப் போய்க் கல்லறைகளைத் தோண்டினார்கள், தங்கள் பங்குக்காக அடித்துக்கொண்டு செத்தார்கள். தங்க உருவங்களும் தாழிகளும் கள்ளச் சந்தையில் தலைகாட்டியதும் விஷயம் வெளியே வந்து, 1976-இல் தொல்லியல் ஆட்கள் வந்தார்கள். வெளியுலகத்துக்கு அதுதான் கண்டுபிடிப்பு. மலைமக்களைக் கேட்டால் அவர்களுக்கு எப்போதுமே தெரியும், யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மேலே போனதும் எல்லாரும் ராணுவ முகாமுக்குப் பக்கத்தில் அந்தப் பிரபலமான படம் எடுக்கும் இடத்துக்கு ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் கீழ் மேடைகளில் நின்று தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். இந்த மலையில் பெய்யும் மழைக்குச் செங்குத்துச் சரிவில் கட்டிய எதுவும் சில ஆண்டுகளில் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். தாங்கு சுவர், கல் பாவிய பாதை, வாய்க்கால் எல்லாம் சேர்ந்து தண்ணீரை மேடைக்கு மேடை அடக்கி இறக்குகின்றன. தஞ்சைப் பெரிய கோயில் எழும்புவதற்கு முன்பே இங்கே ஆள் குடியேறியாகிவிட்டது. ஸ்பானியர்கள் வந்து போரும் நோயுமாக அழித்து, 1600-ஐ ஒட்டி நகரம் காலியானது. அதற்குப் பிறகு பராமரிக்க ஆளில்லாமல் முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மழையில் நனைந்தும் மேடை மேடையாக நிற்கிறது. கோடுகள் கீறிய ஒரு பெரிய கல்லைக் கைடு காட்டுவார், வரைபடம் என்று சொல்வார்கள், மலையின் ஆறுகளும் பாதைகளுமாம். மேடைகளின் விளிம்புக் கற்களில் ஏறி நிற்காதீர்கள், ஒரு கூழாங்கல்கூடப் பையில் போடாதீர்கள்.

அங்கே ஐந்து பேரும் அரை மணி நேரம் பிரிந்து தனித்தனியாக உட்காருங்கள். மூன்று நாளாக ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படும்படி இருந்துவிட்டீர்கள், அந்த அரை மணி தேவைப்படும்.

திரும்பும் வழி அதே வழிதான், ஆனால் மனதில் எதிர்பார்ப்பு இல்லாததால் நீளமாகத் தெரியும். சண்டை வருவதும் அப்போதுதான். யாராவது சிடுசிடுத்தால் பதில் சொல்லாமல் பிஸ்கட் நீட்டுங்கள், பாதிக் கோபம் பசி. நாலாம் நாள் மதியம் மச்சேத்தே பெலாவோவில் சாப்பிட்டுவிட்டு ஜீப் ஏறும் முன் கைடுக்கும் சமையல்காரருக்கும் எல்லாரும் சேர்ந்து ஒரு தொகை கொடுங்கள், அதை ஊரிலேயே தனியாக எடுத்து வைத்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் பியரில் கரைந்துவிடும்.

மறுநாள் கால் நகராது. ஆனாலும் நொண்டியாவது சான்டா மார்த்தாவின் பழைய சுங்கக் கட்டடத்தில் இருக்கும் தைரோனா தங்க அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். நடைக்கு முன்னால் போனால் கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கம், அவ்வளவுதான். பின்னால் போனால் அந்தக் காலி மேடைகளில் நடமாடியவர்கள் காதிலும் மூக்கிலும் என்ன போட்டிருந்தார்கள் என்று பார்ப்பீர்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும், அதனால் ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கும்படி திட்டம் போடாதீர்கள்.